முள் குத்தினால் உடனே ஜாக்கியைத் தேட வேண்டாம்

கேள்வி: சென்னையில் இருக்கிறோம், ஊர் தேவகோட்டை. போன மாதம் அப்பச்சி, ஆத்தாவோடு ஒன்பது நகரத்தார் கோயிலும் கும்பிடலாம் என்று காரில் வந்தோம். இளையாத்தங்குடி போகும் வழியில் பின்பக்க டயரில் காத்து இறங்கிவிட்டது. ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காத்து இல்லை! வழியில் வந்த டிராக்டர்க்காரர் ஒருவர் உதவித்தான் ஊர் போய்ச் சேர்ந்தோம். அதற்கு முந்தைய தடவையும் இதே பக்கம் இதே கதை. ட்யூப்லெஸ் டயர்தான். இங்கே வந்தால் மட்டும் ஏன் இப்படி ஆகிறது? டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் வாங்கி வைக்கலாமா? வண்டி ஓட்டுவது நான்தான். ஒரு பெண் தனியாக டயர் மாற்ற முடியுமா?

பதில்: உங்கள் டயரைக் குறை சொல்ல வேண்டாம், இது சீமைக்கருவேல முள்ளின் வேலையாகத்தான் இருக்கும். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களில் ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் அதுதான் நிற்கிறது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகிறார்கள். போகிற வழியெல்லாம் சிம்பு விழும். வேலி அடைக்க இழுத்துப் போகும் முள்ளும் அப்படித்தான். பச்சை முள் வளைந்து கொடுக்கும், காய்ந்த முள் கொடுக்காது. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடினாலும் ஏறாதது, கண்மாய்க்கரை ஒற்றைத் தார் ரோட்டில் எதிரே பஸ் வந்து நீங்கள் ஓரம் ஒதுங்கிய அந்த ஒரு நிமிஷத்தில் ஏறிவிடும். அதனால் சின்ன ரோட்டில் எதிரே பெரிய வண்டி வந்தால், மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டே கடப்பதைவிட, வேகத்தைக் குறைத்துத் தார் அகலமான இடம் பார்த்து நின்று வழிவிடுங்கள்.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களுக்குள் வேறொரு தொல்லை உண்டு. பழைய வீட்டைப் பிரிக்கிற இடங்களில் மரச்சட்டங்களிலிருந்து துருப்பிடித்த ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். அப்படி வேலை நடக்கிற வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறினால் காத்து ஒரேயடியாகப் போகாது. டயரின் உள்பக்க ரப்பர் முள்ளைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கசிவு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நடக்கும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒருபக்கம் சாய்ந்து நிற்பது இதனால்தான். ட்யூப் உள்ள டயரில் கதை வேறு: ட்யூப் கிழிந்து சில நிமிஷத்தில் தரையோடு தரையாகிவிடும். உங்களுடையது ட்யூப்லெஸ் என்பதால், பெரும்பாலான சமயம் உங்களுக்கு வேண்டியது வேறு சக்கரம் இல்லை, பஞ்சர் கடை வரை போகப் போதுமான காத்து. அதனால் நான் முதலில் வாங்கச் சொல்வது 12 வோல்ட் ஏர் பம்ப். காரின் சார்ஜர் சாக்கெட்டில் செருகினால் போதும், டயருக்கும் டிக்கிக்கும் அலைய வேண்டாம்.

வண்டி ஒருபக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் கனக்கிறது, அல்லது டயர் பிரஷர் விளக்கு எரிகிறது என்றால் உடனே ஓரம் கட்டிப் பாருங்கள். டயர் பாதி இறங்கிய நிலையில் இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு (பம்ப் பேட்டரியை நிறையக் குடிக்கும்) காத்து ஏற்றுங்கள். முள்ளோ ஆணியோ கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள், இப்போதைக்கு அதுதான் அடைப்பு. கதவைத் திறந்தால் டிரைவர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு வரை ஏற்றிவிட்டு, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, நாலைந்து கிலோமீட்டரில் இறங்கி மறுபடி பாருங்கள். காத்து இறங்காமல் நின்றால் அப்படியே பஞ்சர் கடை வரை போகலாம். ஏற்ற ஏற்ற உஸ்ஸென்று போனால் அப்புறம் ஸ்டெப்னிதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. காத்தே இல்லாத டயரில் ஏற்கெனவே கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டீர்கள் என்றால் காத்து ஏற்றி ஓட்ட முயல வேண்டாம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டயரின் பக்கச்சுவர் மடங்கி நசுங்கிச் சூடாகி, உள்ளுக்குள் அறுபட்டுப் போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கடையில் கழற்றும்போது உள்ளே கறுப்புப் பொடி கொட்டினால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பக்கச்சுவரில் வெட்டு விழுந்திருந்தாலும், வீங்கியிருந்தாலும் அதே தீர்ப்புதான். யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பஞ்சர் கடையில் பக்கத்தில் நின்று பாருங்கள். இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு முள் புதிதில்லை, ஆனால் அவசரம் எல்லாருக்கும் உண்டு. பெரும்பாலும் டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஓட்டையைக் குடைந்து பசைக் கயிறு ஒன்றைச் செருகி அடைப்பார்கள். ஆணிக்கு அது சரி. முள் அப்படியில்லை: நுனி ஒடிந்து ரப்பருக்குள் தங்கிவிடும், வெளியே தெரிவது அடிப்பாகம் மட்டும். ஒரு முள்ளை எடுத்து, கயிறு செருகி, காத்து அடித்து அனுப்பிவிட்டால் பக்கத்திலேயே ஒடிந்து கிடக்கும் இன்னொன்று இரண்டு நாளில் வேலையைக் காட்டும். அதனால் டயர் முழுவதையும் சோப்புத் தண்ணீரிலோ தொட்டியிலோ காட்டிக் குமிழி வருகிற எல்லா இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். டயரைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவச் சொல்லுங்கள். துணியின் நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் தடவுகிறவர்களும் உண்டு. அவர்கள் விரலைப் பார்த்தாலே தெரியும். ரோட்டில் படும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் உள்ள ஓட்டைக்கு உள்பக்கமிருந்து காளான் வடிவ பேட்ச் போடுவதுதான் நீடிக்கும். சென்னைக்குத் திரும்பும் நீண்ட ஓட்டத்துக்கு முன் அதைப் போட்டுக்கொள்வது நல்லது. கடைசியாக வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவது வால்வு பின்.

சரி, ஸ்டெப்னி. ஓடாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ காத்து தானாகக் குறையும். ஒரு வருஷம் தொடாமல் விட்டால் 33 இருந்தது 20-க்குக் கீழேகூட வந்திருக்கலாம். உங்கள் ஸ்டெப்னியில் காத்து இல்லாமல் போனதற்கு முள் தேவைப்படவில்லை. நாலு டயருக்குக் காத்து பிடிக்கும்போதே பங்க்கில் இருக்கிற தம்பியிடம் ஐந்தாவதையும் காட்டுங்கள். ஸ்டிக்கர் அளவைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகவே வைக்கலாம். மாட்டும்போது இறக்கிக்கொள்வது சுலபம், ஏற்றுவதுதான் கஷ்டம். காத்து பார்ப்பது எப்போதும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயர் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் பற்றிக் கேட்பீர்கள்: சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து மிச்சத்தையும் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஸ்டெப்னிக்கு வயதும் உண்டு. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் கெட்டிப்படும். ஐந்து வருஷத்துக்கு மேலானால் வெடிப்பு இருக்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும், பத்து வருஷம் ஆனதை மாட்டவே கூடாது. புத்தம் புதிதாகத் தெரிகிறதே என்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம், மற்ற நாலைவிட ஸ்டெப்னி சின்ன அளவா என்றும் பாருங்கள். அலாய் சக்கரத்தோடு வருகிற பல கார்களில் ஸ்டெப்னி சின்ன இரும்புச் சக்கரம்தான். அதில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதியே இருக்கும். பஞ்சர் கடை வரை போகத்தான் அது. அதிலேயே சென்னை வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இன்னோவா மாதிரி வண்டிக்கு அடியில் தொங்குவதாக இருந்தால் இறக்கும் திருகு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஊருக்கு வருகிறபோது டிக்கி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பலகாரத் தூக்கு, பட்டுப்புடவைப் பை, பூஜைச் சாமான், எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்பேனர். ஜாக்கி, ஸ்பேனர், பம்ப், ஒரு டார்ச், அலாய் நட்டுக்குப் பூட்டு இருந்தால் அதன் சாவி, இவற்றை ஒரு பையில் போட்டு முன் சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ வையுங்கள். கூடவே ஓர் அடி நீளப் பலகைத் துண்டு ஒன்று. மழை பெய்த செம்மண்ணில் ஜாக்கி நேராக உள்ளே இறங்கும்.

டயர் மாற்றுவது தாராளமாக உங்களால் முடியும், பலத்தைவிட முறைதான் வேண்டும். சமதளம் பார்த்து நிறுத்துங்கள், வளைவில் வேண்டாம். அதற்காக இன்னும் நூறடி ஊர்ந்து போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, டயரைவிட நீங்கள் முக்கியம். நாலு விளக்கும் மின்ன விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்துங்கள். அப்பச்சியையும் ஆத்தாவையும் இறக்கி ரோட்டைவிட்டுத் தள்ளி நிழலில் உட்கார வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். அது இல்லாவிட்டால் லாரிக்காரர்கள் செய்வதுபோல இலையுள்ள கொப்பு ஒன்றைப் போடலாம். டயருக்கு அண்டை கொடுக்கக் கல் வைத்தால் கிளம்பும்போது எடுத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள். ராத்திரி பைக்கில் வருகிறவர் அதில் மோதி விழுந்த சம்பவங்கள் உண்டு.

நட்டு தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஸ்பேனரை நட்டில் மாட்டும்போது கைப்பிடி உங்களுக்கு இடதுபக்கம் கிடைமட்டமாக இருக்கட்டும். கையால் இழுக்க வேண்டாம், கீழ்நோக்கி அழுத்துங்கள். மசியாவிட்டால் பக்கத்தில் காரைப் பிடித்துக்கொண்டு காலால் மிதியுங்கள். கடைகளில் மிஷின் வைத்து முடுக்கிய நட்டு பயங்கரமாக இறுகியிருக்கும். கைப்பிடி நீளும் ஸ்பேனர் ஒன்று வாங்கினால் இந்தப் பாடு பாதியாகிவிடும்: கைப்பிடி இரண்டு மடங்கு நீளமானால் பாதி பலம் போதும். எல்லா நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கி. ஜாக்கி வைக்கும் இடத்தை வண்டியின் அடி ஓரத்தில் இரண்டு வெட்டு வைத்துக் காட்டியிருப்பார்கள். வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கும். தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். கழற்றிய சக்கரத்தை அங்கே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டுங்கள். எக்காரணம் கொண்டும் கை கால் அடியில் போகக் கூடாது.

மாட்டும்போது நட்டின் கூம்பிய பக்கம் உள்ளே. முதலில் கையாலேயே எல்லாவற்றையும் சுற்றி, ஜாக்கியை இறக்கிய பிறகு எதிரெதிராக முடுக்குங்கள். இங்கேதான் பலசாலிகள் தப்புப் பண்ணுவார்கள். பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களுக்கு வேண்டிய முறுக்கு விசை 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 60 கிலோ ஆள் ஏறி நின்றால் 147 ஆகிவிடும். போல்ட்டு நீளும், அடுத்த முறை ஒடியும். அதே ஸ்பேனரைக் கைகளால் 40 கிலோ அளவு அழுத்தினால் 98, அது சரியான அளவு. ஆக, கழற்றும்போது ஏறி நிற்கலாம், மாட்டும்போது கூடாது. நீள ஸ்பேனர் என்றால் அழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நட்டுகளைச் சரிபாருங்கள். இதையெல்லாம் முதலில் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் முடியாத நிலை வந்தால் 1033-க்குக் கூப்பிடலாம்.

பஞ்சர் திரவம்: கடைசி ஆயுதமாக ஒரு புட்டி வைத்திருங்கள், முன்கூட்டியே ஊற்றி வைக்க வேண்டாம். பேலன்சிங் கெடும், பிரஷர் சென்சாரை அடைக்கும், பஞ்சர் கடைக்காரர் உங்களைத் திட்டுவார். ஊற்றியிருந்தால் கழற்றுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். புட்டிக்குக் காலாவதி தேதி உண்டு. பக்கச்சுவர் வெட்டுக்கு அது உதவாது.

அடுத்து புது வண்டி வாங்கும் யோசனை இருந்தால் ஒரு வார்த்தை. ட்யூப்லெஸ் டயரும் பிரஷர் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் கொடுத்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020-இல் விதி மாறியது. சிஎன்ஜி சிலிண்டருக்கு இடம் விட்டு ஸ்டெப்னியை எடுத்துவிட்ட கார்களும் உண்டு. சென்னைக்குள் ஓட்ட அது போதும். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தக் கண்மாய்க்கரை ரோடுகளுக்கு வருகிறவர்கள், ஷோரூமிலேயே டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.