முதல் உளி வாங்குவதற்கு முன்

கேள்வி: மதுரையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்கருவிகளை வைத்து மரவேலை பழக ஆசை. இணையத்தில் 12 உளிகள் கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. மரக்கடைக்காரர் பர்மா தேக்கு வாங்கச் சொல்கிறார். இரண்டையும் வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். பெட்டியில் உள்ள பாதி உளிகளை நீங்கள் தொடவே மாட்டீர்கள். அரை இஞ்ச், ஒரு இஞ்ச் என இரண்டு நல்ல உளி, உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), பல் நெருக்கமான கைரம்பம், நேர்கோணம் பார்க்க மூலைமட்டம், இருபக்கச் சாணைக்கல். ஆறு மாதத்துக்கு இவை போதும். பலகையைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி அப்புறம் பார்க்கலாம்.

புது உளி கூராக வராது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. வாங்கியவர் நாலு நாள் முட்டி மோதிவிட்டு, தனக்குக் கைவரவில்லை என்று பரணில் போட்டுவிடுகிறார். எத்தனை பேரை இப்படிப் பார்த்துவிட்டேன்! முதலில் உளியின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படியவைத்துத் தேயுங்கள். நுனியை ஒட்டி ஒரு விரல் அகலம் சீராக மின்ன வேண்டும். பிறகு சரிவுப் பக்கத்தை 25 முதல் 30 டிகிரிக்குள் வைத்துத் தேய்த்தால், மறுபக்கம் விரலுக்கு நெருடும் பிசிர் எழும்பும். அது எழும்பும்வரை நிறுத்தாதீர்கள். கடைசியில் தட்டைப் பக்கத்தை மெல்ல இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள்.

பட்டறை கிரைண்டரில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் நுனி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம், அதாவது கடினம், போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆணியில் பட்டு நுனி பொக்கையாகிவிட்டால் கல்லில் தேய்த்து மாளாது, கிரைண்டர்தான் வழி. அப்போதும் பக்கத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு நொடி காட்டுவது, முக்குவது, மறுபடி காட்டுவது என்றே செய்ய வேண்டும். நுனிக்கு அருகில் பிடித்த விரலுக்குச் சூடு தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பொக்கை மறைந்ததும் கல்லுக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்து மரம். உருட்டுமர ஏற்றுமதியை மியான்மர் (பழைய பர்மா) 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் இங்கே கடைக்குக் கடை 'பர்மா தேக்கு' குறையவே இல்லை. அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். அளவிலும் கவனம் வேண்டும். நீளத்தை அடியிலும், அகலம், கனம் இரண்டையும் இஞ்சிலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 3 அடி நீளம், 6 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் கனம் என்றால் 0.125 கன அடி. இழைத்த பலகை முக்கால் இஞ்ச்தான் இருக்கும், பில் மட்டும் ஒரு இஞ்சுக்கு. கேட்டால் "மில் கணக்கு சார்" என்பார்கள். தராசுக்கு முத்திரை உண்டு. இந்தக் கணக்கைத் தட்டிக்கேட்க ஒரு அதிகாரி வந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைக்குப் போங்கள். பல வருடம் காய்ந்த மரம் எளிதில் முறுக்காது. காந்தத்தை மேலே ஓட்டி, ஒளிந்திருக்கும் ஆணியைப் பிடுங்கிவிடுங்கள். பழைய பெயின்ட் பூசியதை எடுக்காதீர்கள், ஈயம் இருக்கலாம். இரண்டு துண்டுச் சட்டங்களில் கனத்தில் பாதிக்குப் பாதி வெட்டிக் குறுக்காகப் பொருத்திப் பழகுங்கள். கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். உளி தானாக அந்தக் கீறலில் போய் உட்காரும்.