செவனிங் கிடைத்த பிறகும் நகையை அடகு வைக்க வேண்டுமா?

கேள்வி: மதுரையில் ஊராட்சிப் பயிற்சி தரும் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 28. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்குத் தேர்வாகி, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்சியியல் முதுகலை படிக்க செப்டம்பர் நடுவில் கிளம்புகிறேன். கையில் 3.5 லட்சம் இருக்கிறது. 14% வட்டியில் வாங்கிய தனிநபர் கடனுக்கு மாதம் 8,600 வீதம் இன்னும் 14 தவணை பாக்கி. விசாவுக்கு பேங்க் பேலன்ஸ் காட்ட நகையை வைத்து 5 லட்சம் வாங்கலாம் என்கிறார் அப்பா. சரியா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். சொந்தச் செலவில் போகிறவர்தான் பணத்தை 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் வைத்திருந்து காட்ட வேண்டும். படிப்புக் கட்டணம், விமான டிக்கெட், மாதாந்திர உதவித்தொகை எல்லாம் செவனிங் பார்த்துக்கொள்வதால், அவர்கள் தரும் இறுதிக் கடிதமே விசாவுக்குப் போதும். ஆனால் பல்கலைக்கழகம் நிபந்தனையற்ற அனுமதி தந்த பிறகுதான் அந்தக் கடிதம் வரும். அது கைக்கு வராமல் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

கல்விக் கடனும் வேண்டாம். அங்கேயே வேலை பார்த்து பவுண்டில் அடைக்கலாம் என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. படிப்பு முடிந்ததும் 2 ஆண்டு தாயகத்தில் இருக்க வேண்டும் என்பது செவனிங் நிபந்தனை. அடைக்கப் போவது மதுரைச் சம்பளம்தான்.

இருக்கும் 3.5 லட்சத்தைப் பிரிப்போம். கடனில் அசல் பாக்கி சுமார் 1.1 லட்சம் இருக்கும். முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்று வங்கியில் கேளுங்கள். மிச்சமாகும் வட்டியைவிட அது குறைவென்றால் முழுவதும் கட்டிவிடுங்கள். உதவித்தொகையிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பி இஎம்ஐ கட்டினால், அனுப்பும் செலவிலேயே கொஞ்சம் கரையும். ஒரு மாதம் தாமதமானால் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும்.

அடுத்து 1.2 லட்சம். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் 1,000 பவுண்டு. அதை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். பலர் திணறுவது முதல் சில வாரங்களில்தான். அங்கே வங்கிக் கணக்கு திறக்க நாளாகும், வீட்டுக்காரரோ முன்பணம் கேட்பார். இங்கிலாந்துச் சட்டப்படி முன்பணம் 5 வார வாடகையைத் தாண்டக்கூடாது. வாரம் 150 பவுண்டு வாடகை என்றால் 750 பவுண்டு. முதல் மாத வாடகையை அதோடு தனியாகத் தர வேண்டும் என்பதால், பல்கலைக்கழக விடுதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

மீதி 1.2 லட்சத்தை எஃப்டியில் போட்டு வையுங்கள். திரும்பி வந்து வேலை கிடைக்கும் வரையிலான மாதங்களுக்கு உதவித்தொகை கிடையாது. அந்த நாட்களுக்குத்தான் இந்தப் பணம்.

வருமான வரியில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் நடு வரை சுமார் 168 நாள்தான் இங்கே இருப்பீர்கள். 182 நாள் ஆகவில்லை, அதனால் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 182 நாள் சலுகை வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு. படிக்கப் போகிற உங்களுக்கு 60 நாள் இங்கே இருந்தாலே இந்தியவாசி என்ற கணக்குதான், எனவே இந்த ஆண்டும் நீங்கள் இந்தியவாசியே. கல்வி உதவித்தொகைக்கு வரி கிடையாது. ஆனால் பிரிட்டனில் வங்கிக் கணக்கு திறந்தால் ஐடிஆர்-1 என்ற எளிய வரிக் கணக்குப் படிவம் செல்லாது. ஐடிஆர்-2-இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். வங்கி விதி இதற்கு நேர்மாறு: அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் படிக்கும் மாணவர் வெளிநாட்டுவாசி. கிளம்பும்போது உங்கள் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து, சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டுவாசிகள் இந்தியாவில் ரூபாயில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.