தமிழில் 91 எடுத்தவரா லாயக்கில்லாதவர்?

கேள்வி: குரூப் 4 மூன்றாவது முறையும் போய்விட்டது. தமிழில் 100-க்கு 91 சரி, கணக்கில் 25-க்கு 12தான். வயது 27. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்றே ராத்திரி முழுக்க மனசில் ஓடுகிறது, தூக்கமில்லை. அடுத்த வாரம் சித்தப்பா மகன் கல்யாணம். ‘ரிசல்ட் என்னாச்சு’ என்று கேட்பார்களே என்று போகவே பயமாக இருக்கிறது. மனசைத் திடப்படுத்த என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, தமிழில் 91 என்று எழுதின அதே பேனாவால், ஒரு வரி தள்ளி ‘எதற்கும் லாயக்கில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்களே, இதில் எதை நான் நம்ப? 2024 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். வேலை கிடைக்காத அத்தனை பேரும் லாயக்கில்லாதவர்களா?

மனச்சோர்வோடு வருபவர்களிடம் இந்த மாதிரி எண்ணங்கள் தானாக, சட்டென்று வந்து போவதையும் அவர்கள் அதை விசாரிக்காமலே நம்பிவிடுவதையும் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களிலேயே கவனித்தார். அவர் காட்டிய வழி ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்லிக்கொள்வது இல்லை (எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது), அந்த எண்ணத்திடம் ஆதாரம் கேட்பது. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ராத்திரி அந்த நினைப்பு வந்தால் எழுந்து அப்படியே எழுதி, கீழே ஆதாரத்தை எழுதுங்கள். உங்கள் கணக்கில் கடைசியில் மிஞ்சுவது ‘13 கேள்வி போச்சு’ என்பதுதான். அதுவும் வலிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தனிவட்டி, விகிதம் என்று தினம் பத்துக் கணக்காக உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம், ‘லாயக்கில்லை’யை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அப்புறம், செல்போன். டெலிகிராம் குரூப்பில் கட்-ஆஃப் சண்டையைப் பார்த்துக்கொண்டே படுத்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அதை வேறு அறையில் வையுங்கள். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து வ.உ.சி. மைதானம் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், பகலில் படுத்துச் சரிக்கட்ட வேண்டாம். இரண்டு வாரமாகியும் தூக்கம் இதே கதியில் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு லேசாக எட்டிப்பார்த்தால்கூட அன்றைக்கே 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கல்யாணத்துக்கு? போங்கள். அத்தை வாயைத் திறக்குமுன் ‘தமிழ்ல 91 அத்தை, கணக்குதான் காலை வாரிட்டு’ என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது, பந்திக்கும் நேரமாகியிருக்கும். மறுவீட்டில் சொதி உண்டென்றால் இருந்து சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.