பள்ளியில் தரும் நீல நிறச் சத்து மாத்திரையை என் மகள் வேண்டாம் என்கிறாள், நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வகுப்பாசிரியையாக அதே மாத்திரையை வாரந்தோறும் என் கையால் கொடுத்து வருகிறேன். அவள் சொல்வது சாக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் பலருக்கும் குமட்டத்தான் செய்யும். காலையில் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிவரும் பிள்ளைக்கு முதல் பாடவேளையிலேயே அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் பள்ளியில் சத்துணவு முடிந்து, கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் கொடுக்கிறோம். மாத்திரை போட்ட பின் மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திய தாய்மார்களும் உண்டு. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவியின் மேசைக்குள் நீலம் கரைந்து திட்டுத்திட்டாகப் படிந்திருப்பதைப் பார்த்தேன். நாக்குக்கு அடியில் அடக்கி வைத்திருந்து, நான் திரும்பியதும் எடுத்துப் போட்டிருக்கிறாள். மதியத்துக்குப் பிறகு மேசையில் தலை சாய்க்கும் அவளைச் சோம்பேறி என்று நானும் பலமுறை கடிந்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.2 கிராம்தான் இருந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. மாதவிடாய் எட்டு நாள் நீடிப்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வகுப்பில் சோம்பல் என்றும் கவனக்குறைவு என்றும் நாங்கள் குறித்து வைக்கும் பலவற்றை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அவளிடம் பேசிய கடுமொழிகளுக்காக இன்றும் வருந்துகிறேன்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டுமல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடியில் மிஞ்சிய குழம்பையும் சோற்றையும் கடைசியில் உண்ணும் பழக்கம் அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்துவிடுகிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, மகளின் ஹீமோகுளோபின் அளவை ஒருமுறை பார்த்துவிடுவது. வாரம் ஒரு மாத்திரை என்பது இரத்தசோகை வராமல் தடுப்பதற்கானது. ஏற்கெனவே வந்துவிட்டவளுக்கு அது போதாது, மருத்துவர் சொல்லும் காலம் வரை தினமும் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடு குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடற்புழு நீக்கத்துக்கு ஆண்டில் இருமுறை பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையும் தவறவிட வேண்டாம். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அது இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மாத்திரை போடும் நாளில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரும் காப்பியும் வேண்டாம், அவை இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுத்தனுப்பினால் சத்து நன்றாகச் சேரும். அப்படியும் குமட்டல் நீடித்தால், மாத்திரையை இரவு உணவுக்குப் பின் வீட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எங்கள் பள்ளியில் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் மூன்று மாணவிகளுக்கு அப்படித்தான் கொடுத்தனுப்புகிறோம்.