பழைய ராணுவ ரைஃபிளை வீட்டுப் பட்டறையில் நானே மாற்றியமைக்கலாமா?

கேட்டவர் உரிமத்தோடு மோசின்-நாகன்ட் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். குழலைத் தாங்கும் மர முன்கட்டையை அறுத்து, குழலைக் குறுக்கி, மேலே தொலைநோக்கி பொருத்தி அதை வேட்டைத் துப்பாக்கியாக்க ஆசைப்படுகிறார். எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

மரத்தில் தொடங்குங்கள். ரம்பத்தைத் தொடவே தொடாதீர்கள். பழைய நிலைக்குத் திருப்ப முடிகிற வேலையை மட்டும் வீட்டில் செய்யுங்கள் என்பதுதான் என் பதில்.

இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு மவுசர் 98, லீ-என்ஃபீல்ட், 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் போன்ற ராணுவ ரைஃபிள்கள் எல்லாம் மலை மலையாக மலிவு விலைக்கு வந்தன. புது வேட்டைத் துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்கள் இவற்றை வாங்கி அறுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது நியாயமான வேலை. இன்றோ அறுபடாத, பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிற துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. மோசின் மூன்று கோடிக்கு மேல் தயாரானது, ஒன்றை அறுத்தால் என்ன என்று தோன்றலாம். மற்ற ரகங்களையும் அப்படி நினைத்துத்தான் அறுத்தார்கள்.

தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, முதல் வேலை காஸ்மோலின் எடுப்பது. கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி மசகு அது. உலோகத்தில், பெயிண்ட் கரைக்கப் பயன்படும் மினரல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும்; பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் உட்பக்கத்தையும், தோட்டா அமரும் அறையையும் விட்டுவிடாதீர்கள். அங்கே தங்கும் மசகுதான் போல்ட் இறுகி மக்கர் செய்வதற்குப் பெரும்பாலும் காரணம். மரத்துக்குள் ஊறியது அவ்வளவு சுலபத்தில் வராது. மிதமான சூட்டில் வைத்து, வியர்ப்பது போல வெளியே கசிவதைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். பொறுமைதான் இங்கே கருவி.

அடுத்தது கட்டை. உப்புத்தாளை எடுக்கக் கை பரபரக்கும்; எடுக்காதீர்கள். மரத்தில் அழுத்திய ஆய்வு முத்திரைகள் தேய்ந்து போனால் போனதுதான். மரம் தேய்ந்து, கட்டையின் பின்முனையில் உள்ள உலோக அடித்தகட்டின் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றால், எந்த மெருகும் அதை மறைக்காது. நசுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். நீராவி பட்டு, நசுங்கிய நார் உப்பி மேலே வரும். வெட்டுப்பட்டு நார் போய்விட்ட இடத்தில் இது பலிக்காது. சோவியத் சீரமைப்புப் பட்டறைகளிலிருந்து வந்த மோசின்களில் பெரும்பாலும் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு இருக்கும். நீராவி பட்டால் அது வெளுத்து உரியும். அந்தப் பூச்சு வேண்டுமென்றால் நசுங்கலை அப்படியே விடுங்கள். உரிந்த இடத்தில் மட்டும் புது ஷெல்லாக் தடவினால் பழையதோடு கரைந்து சேர்ந்துகொள்ளும்.

எண்ணெய் பூசிய கட்டை என்றால், ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். வால்நட் மரத்தின் ரேகை ஒவ்வொரு பூச்சிலும் ஆழமாகிக்கொண்டே போவதைப் பார்ப்பது தனிச் சுகம். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளியிடும். சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

இந்த வேலையை லீ-என்ஃபீல்ட் நம்பர் 1 வைத்திருப்பவர்கள் செய்வதானால் ஒரு எச்சரிக்கை. முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள மரையாணியைத் திருகாதீர்கள். அதன் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டுக்குள் பூட்டியிருக்கும். திருகினால் முன்கட்டை பிளந்துவிடும்.

உலோகத்தில் நான் வீட்டில் செய்வது சுத்தம் செய்வதும் எண்ணெய் போடுவதும் மட்டுமே. போல்ட் ஓடுகிற, குழல் பொருந்துகிற உடற்பகுதியான ரிசீவரில் துளையிடுவது, குழலை மாற்றுவது, விசையைத் தேய்ப்பது எல்லாம் தகுதி பெற்ற துப்பாக்கித் தொழிலாளிக்கு உரியவை. குழலைக் குறுக்குவதில் சட்டமும் குறுக்கே வரும்: குறைந்தபட்ச நீளம் நாட்டுக்கு நாடு மாறும், மீறினால் குற்றம். சுடுவதற்கு முன் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, அவரிடம் அளக்கச் சொல்லுங்கள். கிடங்குகளில் போல்ட்டுகள் இடம் மாறியிருக்கும். போல்ட்டின் எண் ரிசீவரின் எண்ணோடு பொருந்தாவிட்டால் இதில் தயக்கமே கூடாது. 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபத்து இன்னும் உள்ளே இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507க்கும் கீழே எண் உள்ள ரிசீவர்கள் பல, காய்ச்சும்போது சூட்டை எஃகின் நிறத்தைப் பார்த்துக் கண்ணால் கணித்ததால், உடையும் தன்மை பெற்றன. அவற்றை மெருகேற்றிச் சுவரில் மாட்டலாம், சுட வேண்டாம்.

தொலைநோக்கி ஆசைக்கு வழி இருக்கிறது. மோசினில் குறி பார்க்க உள்ள பின் சைட் தகட்டைக் கழற்றி, அந்த இடத்திலேயே அமரும் தாங்கி கிடைக்கிறது. கண்ணுக்குத் தள்ளி வைத்துப் பார்க்கும் வகைத் தொலைநோக்கி அதற்குப் பொருந்தும். துளை வேண்டாம், நேரான போல்ட் கைப்பிடியை வளைக்கவும் வேண்டாம். ரிசீவருக்கு நேர் மேலே வைத்தால்தான் அந்தக் கைப்பிடி இடிக்கும்.

பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டால் அன்றே கழுவுங்கள். மருந்தைப் பற்றவைக்கும் அவற்றின் பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து குழலில் உப்பாகப் படியும். காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்து, அதன் பிறகு எண்ணெய் போடுங்கள்.

இதற்கு மேலும் உங்கள் கைவண்ணத்தில் ஒரு வேட்டைத் துப்பாக்கி வேண்டும் என்றால், யாரோ எப்போதோ அறுத்துவிட்ட ஒன்றைத் தேடி வாங்குங்கள். அதில் உளி பிடிக்கலாம், புதுக்கட்டை செதுக்கலாம், இழந்துவிட எதுவும் இல்லை. இந்த மோசினுக்கே வேறு தோற்றம் வேண்டுமானால் சந்தையில் கிடைக்கும் மாற்றுக் கட்டையைப் பொருத்திக்கொண்டு, பழைய கட்டை, வளையங்கள், திருகாணிகள் எல்லாவற்றையும் துப்பாக்கியின் எண் எழுதிய ஒரே பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.