ஜிப்சம் சுவரில் றாக்கை நிற்குமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. ஹோலைப் பிரிக்கும் ஜிப்சம் சுவரில் ரோல் பிளக் போட்டு, இரண்டு அங்குல ஸ்குரூவால் புத்தக றாக்கை பூட்டினோம். மூன்றாம் வாரமே பிளக்கோடு கழன்றுவிட்டது. இன்னும் பெரிய பிளக் போடலாமா?

பதில்: வேண்டாம், ஓட்டைதான் பெரிதாகும். ரோல் பிளக் கல்லுச்சுவருக்கானது. ஸ்குரூ இறங்க இறங்க அது விரிந்து கல்லை நெருக்கிப் பிடிக்கும். உங்கள் சுவரிலோ 12 மி.மீ. போர்ட், அதற்குப் பின்னால் வெறும் வெளி. பிளக்கின் பாதி அந்த வெளியில் சும்மா நிற்க, மீதி ஜிப்சத்தை நெரித்து மாவாக்கும். ஸ்குரூவைத் திருகியபோதே பிளக்கும் சேர்ந்து சுழன்றிருக்குமே!

முதலில் உள்ளே இருக்கும் தகரச் சட்டத்தைத் தேடுங்கள். சிறு காந்தம் ஒன்றை நூலில் கட்டிச் சுவரோடு உரச விட்டால், போர்ட்டைப் பூட்டிய ஸ்குரூத் தலைகளில் ஒட்டும். மேலும் கீழுமாக ஒரே நேரில் மூன்று இடத்தில் ஒட்டினால் அங்கே நிமிர்சட்டம் இருக்கிறது. அடுத்த சட்டம் பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ. தள்ளி இருக்கும். பிராக்கெட்டுகளை அந்த இடைவெளிக்கு ஏற்ப வைத்துச் சட்டத்திலேயே பூட்டுவது நல்லது. சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மட்டும் துளைக்காதீர்கள், வயர் அவ்வழியே ஓடும்.

சட்டம் அகப்படாத இடத்துக்கு மொலி போல்ட் வாங்குங்கள், அது போர்ட்டுக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் உலோகப் பிளக். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கேட்கும்போது போர்ட்டின் தடிப்பையும் சொல்லுங்கள். இரட்டைப் போர்ட் என்றால் 24 மி.மீ. வரும், கட்டையான போல்ட் அதற்குள்ளேயே விரிந்து போர்ட்டை உடைத்துவிடும். ட்ரில்லின் ஹமரை நிறுத்திவிட்டு, பெட்டியில் போட்ட அளவுக்கே துளையுங்கள். போல்ட்டைச் செருகி, கழுத்திலுள்ள பற்கள் போர்ட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் பதியும்வரை தட்டுங்கள். பிறகு திருகினால் பின்புறக் கால்கள் குடைபோல மடிந்து போர்ட்டைக் கவ்வும். கை கனத்ததும் நிறுத்துங்கள். போர்ட்டின் பலமே அதன் காகிதத்தில்தான். அது கிழிந்தால் எந்தப் போல்ட்டும் உதவாது. பிறகு ஸ்குரூவை மட்டும் கழற்றி, பிராக்கெட்டை வைத்து மறுபடி பூட்டுங்கள்.

பாரத்தைவிட நெம்புதல்தான் ஆபத்து. 25 செ.மீ. அகல றாக்கையில் 12 கிலோ புத்தகம் இருக்கிறது என்று வையுங்கள். மேல் ஸ்குரூ பிராக்கெட்டின் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் 10 கிலோ அளவு வெளிநோக்கி இழுபடும், 5 செ.மீ. உயரத்தில் என்றால் 30 கிலோ! எனவே உயரமான பிராக்கெட், ஒடுக்கமான தட்டு. மீற்றர் நீளத்துக்கு நெருக்கி அடுக்கினால் புத்தகம் 20 கிலோவைத் தாண்டிவிடும். அவ்வளவையும் மொலி போல்ட்டில் மட்டும் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: சுவர் மணிக்கூட்டுக்கும் மொலி போல்ட் தேவையா?

பதில்: தேவையில்லை. ஸ்க்ரூட்ரைவரால் நேரே திருகி இறக்கும் சுருள் பிளக் போதும். ஐந்து கிலோவுக்கு உட்பட்டவற்றை அதில் மாட்டலாம்.

கேள்வி: இழுத்துத் திருப்பும் கை உள்ள டிவி ஸ்டாண்ட்?

பதில்: வெறும் போர்ட்டில் கூடவே கூடாது. கையை நீட்டும்போது நெம்புதல் பல மடங்காகும். போர்ட்டைத் திறந்து, சட்டங்களுக்கு இடையே 18 மி.மீ. பிளைவூட் பூட்டி மூடுங்கள். அது முடியாவிட்டால் கொங்கிரீட் தூணுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: குளியலறைக்கு அடுத்த சுவரில் பூட்டிய கொக்கி ஆடுகிறது, துருவும் வடிகிறது.

பதில்: பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பதிந்தால் போர்ட் ஈரம் குடித்திருக்கிறது. கசிவை அடைத்து அந்தத் துண்டை வெட்டி மாற்றியபின், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவால் பூட்டுங்கள்.