பதில் வந்ததும் அணைத்துவிட்டீர்கள்

அன்புள்ள ஐயா,

பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கான உரிமத் தேர்வில் தேறி எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தேன். போன வாரம் துணிந்து 40 மீட்டர் அலைவரிசையில் ‘சிக்யூ’ என்று பொது அழைப்பு விடுத்தேன். யாரோ வானொலியில் என் அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லிப் பதில் தந்தார். நெஞ்சு படபடத்தது, கருவியை அணைத்துவிட்டேன். என் உச்சரிப்பும் சுமார்தான். பேசாமல் புள்ளி, கோடு ஒலிகளால் அனுப்பும் மோர்ஸில் தொடங்கினால் பயம் குறையுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உச்சரிப்புக் கவலையை விட்டுத்தள்ளுங்கள். எந்தெந்த நாட்டு நாக்குகளோ புழங்கும் இடம் அது. மோர்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு உறுத்துவது நீங்கள் அணைத்த அந்தப் பொத்தான்.

எதிர்முனையில் இருந்தவரை ஒரு கணமாவது நினைத்தீர்களா? நான் அவர் இடத்தில் இருந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் ஒன்று சிக்யூ அழைத்தது. அழைப்புக்குறியின் கடைசி எழுத்துகளில் குரல் கம்மியது. பதில் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி அழைத்தேன். மூன்றாம் முறையும் அழைத்தேன். அலை மங்கிவிட்டது என்று எண்ணி, காதில் விழுந்த பாதிக் குறியைப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது. அலையின் மேல் பழி போட்டது தவறோ என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது.

சிக்யூ என்றால் ‘யாராக இருந்தாலும் பதில் சொல்லுங்கள்’ என்று பொருள். கூப்பிட்டது நீங்கள். வந்தவர் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்துவதற்குக் கூச்சம் என்று பெயர் வைக்காதீர்கள். அது மரியாதைக் குறைவு.

தடுமாறிவிடுவேன் என்றுதானே பயம்? இந்தத் துறையின் பேச்சுமுறையே தடுமாற்றத்தை எதிர்பார்த்து அமைந்தது. ஆங்கில எழுத்துகளில் பி, டி, ஈ மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும்; அதனால்தான் அவற்றை பிராவோ, டெல்ட்டா, எக்கோ என்று சொல்கிறோம். 1912இல் லண்டனில் கூடிய வானொலித் தந்தி மாநாடு ஏற்றுக்கொண்ட, க்யூ எழுத்தில் தொடங்கும் சுருக்கக் குறியீடுகளைப் பாருங்கள். பிறர் அலை குறுக்கிட்டால் க்யூஆர்எம். வானத்து இரைச்சல் என்றால் க்யூஆர்என். ‘மெதுவாக அனுப்புங்கள்’ என்பதற்கு க்யூஆர்எஸ். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, தேர்ந்தவர்களும் ஒருவரையொருவர் ‘மெதுவாக, கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் முதல் நாளே பிசகில்லாமல் பேச வேண்டும் என்று யார் சொன்னது? க்யூஆர்எஸ் கேட்டும் வேகத்தைக் குறைக்காதவன்தான் வெட்கப்பட வேண்டியவன்.

மோர்ஸ் கற்றுக்கொள்ளுங்கள், அழகான கலை. ஆனால் அணைக்கும் பொத்தான் அங்கேயும் இருக்கிறது.

ஒரு தாளில் உங்கள் அழைப்புக்குறி, பெயர், ஊர் மூன்றையும் பெரிதாக எழுதி மைக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். சொந்தக் குறியே மறந்துபோகும், எனக்கு மறந்திருக்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எதிர்முனையில் இருப்பவருடைய குறி, அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்பதற்கு 59 என்பதுபோல் ஒரு மதிப்பு, உங்கள் பெயர், ஊர், விடைபெற 73 என்ற வாழ்த்து. முதல் நாளுக்கு இது போதும்.

அன்று அழைத்த அதிர்வெண்ணும் நேரமும் நினைவிருக்கும். அதே நேரத்தில் அங்கே போய் அவரைத் தேடுங்கள். அவர் குறியில் பாதிதான் நினைவிருக்கிறது என்றால் பாதியையே சொல்லி அழையுங்கள். கேட்டுக்கொண்டிருந்தால் மீதியை அவர் சொல்வார்.